நான்காம் வேற்றுமையில் குந்தவை

ஜெர்மன் மொழியில் பெண் இருந்த இடத்தை விட்டு அசைவதில்லை. அவளுக்கு முன்னால் நிற்கிற சொற்கள்தான் வேஷம் மாற்றுகின்றன. 'ஃப்ராவ்' என்றால் பெண். எந்த வேற்றுமை வந்தாலும் ஃப்ராவ்தான். ஆனால் 'டீ ஆல்ட்டெ ஃப்ராவ்' என்கிற வயதான அம்மாளுக்கு ஒரு மாத்திரை கொடுக்கப் போனால், அவள் 'டேர் ஆல்ட்டன் ஃப்ராவ்' ஆகிவிடுகிறாள். 'டேர்' ஆண்களுக்கு உரியது என்றுதான் முதல் வாரம் சொல்லிக்கொடுத்தார்கள்.

பாபநாசத்து நர்ஸ் குந்தவைக்கு இந்த அநியாயம் பொறுக்கவில்லை. தமிழில் 'நல்ல' என்ற சொல், நல்ல பெண்ணை, நல்ல பெண்ணுக்கு என்று எங்கே போனாலும் மாறாமல்தானே இருக்கிறது?

பொறுக்கவில்லை என்று எங்கே போய்ச் சொல்வது? ஆஸ்பத்திரி வேலையை விட்டாகிவிட்டது. தாய்மாமன் துரைராசு, 'ஜெர்மனி செல்லும் எங்கள் குலவிளக்கே' என்று பஸ் ஸ்டாண்டில் ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார். மொழித் தேர்வில் தேறினால்தான் விசா என்பது ஃப்ளெக்ஸ் கட்டிய பிறகுதான் மாமாவுக்குத் தெரியவந்தது. முதல் முறை அவள் தேறவில்லை. கடைத்தெருவில் எல்லோரும் பயணத் தேதி கேட்டார்கள். துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு தஞ்சாவூர் வகுப்புக்குப் போய்வந்தாள்.

கடைசியில் தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். தமிழில் 'கு' வந்தால், கண்ணை மூடிக்கொண்டு 'டேர் ஆல்ட்டன்'. அம்மாளுக்குக் கொடு, அம்மாளுக்கு உதவு, அம்மாளுக்கு நன்றி சொல், எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின. டீச்சர் ப்ரியம்வதாவே மெச்சினார்.

இரண்டாம் முறை வாய்மொழித் தேர்வில், வீடு திரும்பிய நோயாளி அம்மாளுக்கு போன் பண்ணுவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அம்மாளுக்கு. 'கு' இருக்கிறது. தைரியமாக 'டேர் ஆல்ட்டன்' என்றாள். எதிரே இருந்தவரின் புருவம் ஏறியது. ஜெர்மன்காரன் அம்மாளுக்கு போன் பண்ணுவதில்லை. அம்மாளையே போன் பண்ணுகிறான். அங்கே 'டீ ஆல்ட்டெ'தான். இருந்த ஒரே வழியும் அடைபட்டதும், எந்தப் பெண்ணுக்கு முன்னால் எதை வைப்பது என்று தெரியாமல் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொன்னாள்.

முடிவு வந்த அன்று மாமா கோபப்படவில்லை.

"விடு தாயி, அடுத்த தடவ பாத்துக்கலாம். நீ போன வாரமே ப்ளேன் ஏறிட்டேன்னு ஊருல சொல்லிட்டேன். அதுவரைக்கும் வெளிய தல காட்டாம இரு."

மறுநாள் பக்கத்து வீட்டு பிரகதாம்பாள் விசாரிக்க வந்தாள். வாசலில் அம்மா ராஜாத்தியின் குரல் கேட்டது.

"குளிருதான் தாங்கலையாம்க்கா."

உள்ளறையில் குந்தவை, சத்தம் கேட்டுவிடப்போகிறதே என்று மின்விசிறியை நிறுத்தினாள்.