அச்சு விடும் கோடு

“…வேதத்துல எங்கியும் இல்லாத வார்த்தண்ணே. குமாரன் பிதாவோட ‘ஒரே தன்மை’யாம். பின்னால வந்தவங்க சேத்தது. நாளைக்கு எம்புள்ள ஞானஸ்நானத்துல அத நான் சொல்ல மாட்டேன்” என்றான், செராமிக் பட்டறையில் எனக்கு எதிரே உட்கார்ந்து பொம்மை சுரண்டுபவன்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எல்லோரும் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணத்தின்போது தகப்பனே வாய் மூடி நின்றால் சபை சும்மா விடுமா? அவனுக்குப் பழைய திருச்சபைச் சரித்திரம் படிக்கக் கொடுத்தவனும் நான்தான்.

“வேத வசனத்தையே சொல்லிக்கிட்டு, குமாரனும் படைக்கப்பட்டவருதான்னு ஒரு கூட்டம் பேசுச்சிப்பா. அவங்களுக்குப் பதில் சொல்லப் பழைய வார்த்த பத்தல. அச்சு தேஞ்சி பொம்ம மூக்கு மழுங்குனா நீ என்னா பண்ற? புது அச்சு ஊத்துறல்ல? பொம்ம அதே பொம்மதான?” என்றேன்.

அவன் கையிலிருந்த குதிரையைத் திருப்பி, வயிற்றில் ஓடிய மெல்லிய கோட்டைக் காட்டினான். “புது அச்சும் ஒரு கோடு வுடும்ணே. இது குதிரையோடது இல்ல, அச்சோடது. இத சுரண்டத்தான எனக்குக் கூலி?”

மங்கலம்பேட்டை பஸ்ஸில் வீடு போய்ச் சேரும்வரை அந்தப் பேச்சையே மென்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் கோயிலில் பிரமாணத்தின் அந்த வரியை எல்லோரும் சொன்னோம். மகனை ஏந்தி நின்றவனின் உதடு அசையவில்லை. நாங்கள் அடுத்த வரிக்குப் போய்விட்டோம். தன்னை அப்படியே உரித்து வைத்திருந்த மகனின் முகத்தைக் குனிந்து பார்த்தவன், ஒரு வரி பின்தங்கி, தனியாக, சத்தமாக, “ஒரே தன்மையுள்ளவர்” என்றான்.