தூரில் ஏற்றிய மண்

பெருமாள்சாமி போய்விட்டார் என்று போடி பஸ் நிலையத்தில் குரங்கணி ஜீப்பு டிரைவர் சொன்னார். அடக்கத்துக்கு நல்ல கூட்டம். மாலையோடு வந்து அழுத தோட்டக்காரர்களில் ஒருவர்கூட, அவர் உயிரோடு இருந்தபோது அவருக்கு வேலை கொடுத்ததில்லை. நானும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றேன்.

எழுபதுகளின் கடைசியில், போடிமெட்டுக்கு மேலே என் தாய்மாமாவின் ஏலத்தோட்டத்தில் அவர் கண்காணி. நான் ஆபீசில் எழுத்து வேலை. மதுரையில் தாவரவியல் படிப்பைப் பாதியில் விட்டு வந்தவர் அவர். ஒருநாள் ஏலவேர் ஒன்றை வெட்டி என் சிவப்பு மையில் நிறுத்திவைத்தார். பிறகு அதைச் சவர பிளேடால் குறுக்கே சீவிக் காட்டினார். நடுவில் மட்டும் சிவந்திருந்தது. தண்ணீரை மேலே ஏற்றுவது அந்த நடுநரம்பு என்றும், மண்ணிலிருந்து வாங்கி அதற்குக் கொடுப்பது சுற்றியுள்ள சதை என்றும் சொன்னார். "நரம்பு எம்புட்டு நல்லாருந்தாலும், சதைக்கு மூச்சு முட்டுச்சுன்னா செடி போச்சு மாப்ளே."

மாமா கீழே சமவெளியில் கரும்பு வைத்துப் பழகியவர். மழைக்கு முன்னால், செடி காற்றில் சாயாமலிருக்க, கரும்புக்கு அணைப்பதுபோல ஒவ்வொரு செடியின் தூருக்கும் முழங்கால் உயரம் மண் ஏற்றச் சொன்னார். ஏலவேர் மேல்மண்ணில் படர்வது, மழையில் இப்படி மூடினால் அழுகிவிடும் என்று பெருமாள்சாமி என் எதிரிலேயே தடுத்தார். "மூணு தலைமுறையா வெள்ளாம பாக்குற சம்சாரி நான். மண்ணு அணைக்க நீ சொல்லிக் குடுக்குறியா?" என்றார் மாமா.

ஆடி முழுக்க மழை விடவில்லை. இலை பச்சையாகவே இருந்ததால் மாமா அவரைக் கேலி பேசினார். பெருமாள்சாமி ஒரு தூரைத் தோண்டி, வேரை விரலால் உருவினார். சதை வழுக்கிக் கழன்று, நரம்பு மட்டும் நூலாகத் தொங்கியது. "இது ஏத்துறதுக்குத் தயாராத்தான் இருக்கு. வாங்கிக் குடுக்கத்தான் ஆளில்ல," என்றார். ஆவணிக்குள் சரிவு முழுதும் மஞ்சளடித்துச் சாய்ந்தது.

பங்காளிகள் கூடி விசாரித்தபோது, கண்காணி மருந்தை மாற்றி ஊற்றி வேரைக் கருக்கிவிட்டான் என்று மாமா சாதித்தார். பெருமாள்சாமி என்னைக் காட்டி, இவனுக்கு எல்லாம் தெரியும், கேளுங்கள் என்றார். மாமா மகளை எனக்குப் பேசி முடித்திருந்த சமயம் அது. எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அவர் என்னை ஏசவில்லை.

"சரி மாப்ளே, நீ பொழச்சுக்க."

தோட்டத்தைக் கெடுத்தவன் என்ற பேச்சு அவருக்கு முன்பே போடிக்கு இறங்கிவிட்டது. எந்தத் தோட்டமும் அவரைச் சேர்க்கவில்லை. கடைசிவரை லாரிக்கு லோடு ஏற்றிக் கஞ்சி குடித்தார். மாமா இறந்து ஐந்து வருஷமான பிறகும் நான் வாய் திறக்கவில்லை. அத்தனை கோழை நான்.

அவரை அறிந்தவர்களுக்குச் சொல்கிறேன்: அவர் எந்த மருந்தையும் மாற்றி ஊற்றவில்லை. அவர் பெயரைக் கெடுத்து நான் காப்பாற்றிக்கொண்டது என் கல்யாணம். அடக்கத்துக்குக் கிளம்பும்போது என் மனைவி கேட்டாள்: "எங்கப்பா தோட்டத்தக் கருக்குன ஆளுக்கு நீங்க எதுக்குப் போறீக?"

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். பதிலை அவள் அச்சில்தான் படிக்கப் போகிறாள்.