ஏழாவது குழி

அந்த கோல்ஃப் மைதானத்தில் குழி வெட்டுகிறவளுக்கு ரசமட்டம் என்று பட்டப்பெயர். கொத்தனார் வீட்டில் பிறந்தவள். தரை ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் வெறுங்காலால் மிதித்தே சொல்லிவிடுவாள். தினமும் விடிகிற நேரத்தில் பழைய குழியை அடைத்து வேறு இடத்தில் புதிதாக வெட்ட வேண்டும். ஒரே இடத்தில் இருந்தால் புல் மிதிபட்டுச் செத்துப்போகும். பதினெட்டு குழிகள், பதினோரு வருஷம். ஒருநாளும் அவள் பந்தைத் தொட்டு ஆடியதில்லை.

ஏழாவது குழியின் புல்தரையை மட்டும் பெரிய பெயரெடுத்த ஒரு வடிவமைப்பாளர் அந்த வருஷம் புதிதாக அமைத்தார். பின்னால் மேடு, முன்னால் குளம். திறப்புப் போட்டியன்று குழி எங்கே வர வேண்டும் என்று படத்தில் சிவப்புப் புள்ளி வைத்துக் கொடுத்திருந்தார். முந்தின நாளே அவள் அந்த இடத்தில் நடந்து பார்த்தாள். குளத்துப் பக்கம் சரிவு அதிகம். அங்கே பந்து நிற்காது.

மேற்பார்வையாளரிடம் சொன்னாள். அவர் படத்தைவிட்டுத் தலையைத் தூக்கவே இல்லை. "படம் போட்டவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சுடுச்சு? புள்ளி இருக்கிற இடத்துல வெட்டு."

வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. லிஃப்ட் பழுது பார்க்கிற கணவர், சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, இனி அவர்கள் பாடு என்றார். அவளுக்கு அப்படி விட முடியவில்லை. சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

காலையில் புள்ளி இருந்த இடத்திலேயே வெட்டினாள். ஆட்டம் தொடங்கியது. முதல் ஆட்டக்காரர் மெதுவாகத் தட்டிய பந்து குழியைத் தாண்டி, நிற்பதுபோல் பாவனை காட்டி, பிறகு திரும்பிச் சரசரவென்று குளத்தில் இறங்கியது. அடுத்தவருடையதும் அப்படியே. வயதான ஓர் அம்மாள் நான்கு பந்துகளைத் தொலைத்துவிட்டு மட்டையைப் பையில் போட்டுக்கொண்டு போனார். மணல் பள்ளத்தைச் சீவுகிற சாக்கில் பக்கத்திலேயே நின்றவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சீவிய மணலையே திரும்பத் திரும்பச் சீவினாள்.

ஒரு குழு போய் அடுத்த குழு வருவதற்குள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த வடிவமைப்பாளரிடம் விறுவிறுவென்று போனாள். "சார், இதுல யார் தட்டினாலும் நிக்காது."

அவர் கோபப்படவில்லை. கையிலிருந்த மட்டையை நீட்டினார். "நீங்க தட்டுங்க, பாப்போம்."

துடைப்பத்தைப் பிடிப்பதுபோல்தான் அவளுக்குப் பிடிக்க வந்தது. குழியைப் பார்த்து அடிக்காமல் மேட்டைப் பார்த்துத் தட்டினாள். பந்து ஏறி, தயங்கி, திரும்பி, குழியின் விளிம்பை ஒட்டி இறங்கியது. ஒரு கணம் அவளுக்கே ஆசை வந்துவிட்டது: விழு, விழு. அது குளத்தில்தான் விழுந்தது.

வடிவமைப்பாளர் மண்டியிட்டு உள்ளங்கையைப் புல்லில் வைத்துச் சரிவைத் தடவிப் பார்த்தார். ஆட்டம் பாதியில் இருக்கும்போது குழியை மாற்றக்கூடாது என்பது விதி. அன்று முழுக்கப் பந்துகள் குளத்துக்குப் போனபடியே இருந்தன.

மறுவாரம் ஏழாவதை மூடி, மேட்டை நான்கு விரற்கடை குறைத்தார்கள். புள்ளி வைக்கும் வேலை அவளுக்கே வந்தது. மேற்பார்வையாளர் இன்றுவரை அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் இல்லை. அன்று தான் தட்டிய பந்தை இன்னும் ஒரு சாண் இடப்பக்கமாகத் தட்டியிருந்தால் குழியில் விழுந்திருக்குமோ என்பதுதான் வேலைக்கு நடுவில் அவளை இன்னமும் அரித்துக்கொண்டிருக்கிறது.