எனக்கு வராத சட்டைகள்

இரண்டாவதாகப் பிறந்தவர்களுக்கென்று ஒரு சட்டம் உண்டு. அக்காவுக்குச் சின்னதானதெல்லாம் தங்கைக்கு. புத்தகம், ஸ்கூல் பை, யூனிபார்ம், செருப்புகூட எனக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. அவள் போட்டதை நான் போட்டால் அவளைப் போலவே ஆகிவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். எனக்குப் பத்து வயதானபோது அந்த வரத்து திடீரென்று நின்றது. அக்காவுக்கு அப்போது பதினைந்து. அவளுடைய சுடிதார்கள் சின்னதானதும் அம்மா அவற்றை மடித்து, பீரோவின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினாள்.

அதோடு விட்டிருந்தால் பொறுத்திருப்பேன். எங்கள் மஞ்சக்குப்பத்தில் தெருவுக்கு ஒரு டைலர் இருக்க, அக்காவுக்கு மட்டும் சிதம்பரம் போய்த் தைத்தார்கள். அம்மாவும் அவளும் பஸ் ஏறிப் போவார்கள். நான் அப்பாவோடு வீட்டில். திரும்பும்போது எனக்கு இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் பொட்டலமாக வரும். அவள் அங்கேயே சூடாகச் சாப்பிட்டிருப்பாள் என்று நினைத்தால் எனக்குத் தொண்டையில் இறங்காது. இறங்காமலே நாலு இட்லி சாப்பிடுவேன்.

வீட்டிலும் அவள் ராணிதான். ஸ்கூல் விட்டு வந்ததும் வெறும் சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்துக்கொள்வாள். அவள் பையையும் சேர்த்துச் சுமந்து வந்தவள் நான். நான் படுத்தால் மட்டும், "எழுந்து மூஞ்சி கழுவுடி" என்று சத்தம் வரும். சாயந்திரமானால் அம்மா அவளை அறைக்குள் கூட்டிப்போய், கதவைச் சாத்திக்கொண்டு முதுகில் தைலம் தேய்ப்பாள். எனக்கும் முதுகு வலிக்கிறது என்று ஒருநாள் கதவைத் தட்டிப் பார்த்தேன். யாரும் திறக்கவில்லை. அக்கா உடைத்தால் மண்குடம், நான் உடைத்தால் பொன்குடம்.

பொறுக்க முடியாமல் அவளிடமே கேட்டேன்.

"ஒன் ட்ரெஸ்ஸெல்லாம் எனக்கு ஏன்க்கா தர மாட்டேங்குறாங்க?"

"ஒனக்கு அது நல்லாருக்காதுடி" என்றாள்.

நான் கறுப்பு என்று சொல்லிக்காட்டுகிறாள் என எடுத்துக்கொண்டேன். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

அத்தை மகனுக்குத் திருவந்திபுரத்தில் கல்யாணம் வந்தது. பன்னீர் தெளிக்க நிற்கப்போகிறவள் அக்கா. அவளுக்குச் சிதம்பரத்தில் புதிதாகத் தைத்தாயிற்று. எனக்குக் கடையில் தொங்கிய கவுன். கல்யாணத்தன்று விடியற்காலையில் அம்மாவும் அக்காவும் வேனில் முன்னால் போய்விட்டார்கள். நகை எடுத்த அவசரத்தில் அம்மா சாவியைப் பீரோவிலேயே விட்டுவிட்டாள். அடித்தட்டில் இருந்த மயில்நீல சுடிதாரை எடுத்துப் போட்டுக்கொண்டேன். இடது தோள் தூக்கிக்கொண்டு நின்றது. கீழே வலது பக்கம் இரண்டு விரல் நீளமாகத் தொங்கியது. சிதம்பரம் போய்த் தைத்த லட்சணத்தைப் பார் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்பா பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டு போனார். அவருக்கு நான் ஏதோ ஒன்றை உடுத்தியிருந்தால் போதும்.

மண்டப வாசலில் அத்தை வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பன்னீர்ச் செம்போடு அக்கா. என்னைப் பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது. அத்தை என்னை இழுத்துத் திருப்பினாள்.

"என்னாடி இது, ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குது? எந்த டைலரு தெச்சான்? உள்ள என்னா திண்டு மாரி இருக்குது?"

"பஞ்சு அத்தை. இது அக்காவோடது. அவளுக்கு எல்லாமே இப்படித்தான் தெப்பாங்க, சிதம்பரத்துல" என்றேன். சொல்லும்போது குரலில் பெருமை இருந்தது. அந்தச் சட்டை என் மேல் இருந்ததே.

அத்தை அக்காவைப் பார்த்தாள். அருகில் போய், அவள் முதுகில் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழே தடவினாள்.

"அய்யய்யோ, எவ்ளோ நாளா கண்ணு இப்படி? ஒருத்தரும் சொல்லலியே!"

அத்தைக்கு அன்பு வந்தால் குரல் தெருமுனை வரைக்கும் கேட்கும். சொந்தக்காரப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லாரும் தடவிப் பார்த்தார்கள். அக்கா சிரித்தபடி அடுத்து வந்தவர்களுக்குப் பன்னீர் தெளித்தாள். மயில்நீலத்தில் வந்தவள் நான், பார்ப்பதென்னவோ அவளைத்தான் என்று எனக்கு வயிறு எரிந்தது.

அக்காவின் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது. அதற்கு ஸ்கோலியோசிஸ் என்று பெயர் என்பதும், அது ராத்திரி பகலாக வலிக்கும் என்பதும் எனக்குக் காலேஜ் படிக்கும்போதுதான் தெரிந்தது. வலது முதுகு புடைத்திருந்ததால் இடது பக்கம் பஞ்சு வைத்து, வலது பக்கம் நீளம் விட்டு, யார் கண்ணுக்கும் தெரியாமல் தைத்துக் கொடுத்தார்கள். உள்ளூர் டைலர் என்றால் ஊருக்கே சொல்லிவிடுவான். நான் ஓட்டைவாய், அதனால் என்னிடமும் சொல்லவில்லை. வளைந்த உடம்பை நேராகக் காட்டிய சட்டை, என் நேரான உடம்பில் கோணலாக நின்றது.

அன்று அம்மா என்னை அடிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவே பீரோவைத் திறந்தாள். பழையவை மூன்றையும் எடுத்தாள். கல்யாணத்துக்குத் தைத்த புதியதையும் அவற்றோடு வைத்தாள். தரையில் உட்கார்ந்து, பிளேடால் தையலைப் பிரித்து, பஞ்சையெல்லாம் பிடுங்கிப் போட்டாள். நடுநடுவே சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு நாலையும் மடித்து என் மடியில் வைத்தாள்.

"இந்தா. எல்லாத்தையும் நீயே வெச்சிக்க."

நான் குதித்தேன். அப்பாவிடம் ஓடிப்போய்க் காட்டினேன். புதியதையும் கொடுத்துவிட்டாளே, இனி இவள் எதைப் போட்டுக்கொண்டு வெளியே வருவாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.