ஈர மரத்தில் அடித்த சாயம்

மலேசியாவில், கிள்ளானில் ஒரு வீட்டின் பின்பக்க மரத்தளத்தில் பழைய வார்னிஷைச் சுரண்டி எடுத்திருந்தேன். தீபாவளி நெருங்கும் சமயம் என்பதால் தினமும் சாயங்காலம் மழை. பலகை உள்ளுக்குள் ஈரமாகவே இருந்தது.

"மரம் காயல, பாஸ். இப்ப சாயம் அடிச்சா பிசுபிசுன்னு நிக்கும்" என்றேன். எனக்குச் சத்தமாகப் பேச வராது.

"தீபாவளிக்கு ஆளுங்க வராங்க. நீ அடி லா, அட்வைஸ் எதுக்கு?" என்றார் வீட்டுக்காரர். அடித்தேன்.

தீபாவளியன்று மத்தியானம் போன் வந்தது. புதுச் சட்டையோடு ஓடினேன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு மரத்தளத்துக்கு வந்த விருந்தாளிகளின் உள்ளங்காலெல்லாம் பழுப்புச் சாயம். வீட்டுக்காரர் சாயத்தைக் கரைக்கும் தின்னர் டின்னையும் துணியையும் நீட்டினார். "நீ பண்ண வேலை. நீயே துடை."

மண்டியிட்டு ஒவ்வொரு காலாகத் துடைத்தேன்.

"பரவால்லியே, இந்த வீட்டுல பாத பூஜையெல்லாம் உண்டா?" என்று ஒரு பெண் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

முறுக்கு தின்றுகொண்டிருந்த பெரியவர் குனிந்தார். "ஏன்யா, மரம் காஞ்சிருக்கான்னு பார்க்க மாட்டியா? எங்க வீட்டு வேலி வேலைய உனக்குத்தான் கொடுக்கலாம்னு இருந்தேன்."

நிமிர்ந்து வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"இவனுங்களுக்கு எப்பவும் அவசரம், அங்கிள்" என்றார்.

நான் துணியை மறுபடி தின்னரில் நனைத்தேன். பெரியவர் தன் மற்றொரு காலை என் மடிமேல் வைத்துவிட்டு, இன்னொரு முறுக்கு கேட்டார்.