திரங்கானுவில் தைப்பூசத்துக்கு விடுமுறை இல்லை

“அம்மா, நான் படிப்ப விட்டுர்றேன்.” என் மகள் தர்ஷினி இதைச் சொன்னபோது, பால்குடம் எடுத்த தலைமுடி இன்னும் காயவில்லை. முருகனை நம்பும் சொந்தங்களே, இது தைப்பூசத்தன்று கோயில் வாசலில் நடந்தது.

நான் மலேசியாவில், கெடா மாநிலத்து லூனாஸில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவள். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் பிள்ளை அவள்தான். கிழக்குக் கரை மாநிலமான திரங்கானுவில் வேதியியல் முதல் வருஷம். அவளோடு சேர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு பேர் சில மாதங்களிலேயே மூட்டை கட்டிக்கொண்டு தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் யாரிடம் சந்தேகம் கேட்பது என்று தெரியாமல் இவள் தனியாக அழுவாளாம்.

படிக்க இடம் கிடைத்ததற்கு நன்றியாக அந்தத் தைப்பூசத்துக்குப் பால்குடம் நேர்ந்திருந்தோம். எங்கள் வீட்டுக் காலண்டரில் அன்று சிவப்பு. கெடாவில் தைப்பூசம் என்றால் விடுமுறைதானே! அதே தேதியில் ஆய்வுக்கூடத் தேர்வு இருந்தும், எப்படியும் தள்ளிவைப்பார்கள் என்று நினைத்துப் பஸ் ஏறி வந்துவிட்டாள். திரங்கானுவில் அன்று விடுமுறை இல்லை. கோயிலை விட்டு வெளியே வந்து போனைப் பார்த்தபோதுதான் தேர்வு நடந்துவிட்டது தெரிந்தது. எழுதாவிட்டால் அந்தப் பாடத்தில் தோல்வி.

“அந்த ரெண்டு பேர் மாதிரி நானும் பேக்டரிக்கே போறேன்மா. போதும்லா.”

எனக்கு வந்ததே கோபம்! திரும்பக் கோயிலுக்குள் போனேன். கூட்டத்தில் இடிபட்டு முன்னால் நின்று, “உன்னப் பாக்கத்தான்டா ஓடி வந்தா! இப்ப அவள அம்போன்னு விட்டுருவியா?” என்று முருகனிடம் வாய்விட்டுக் கேட்டேன். அழுதேன். அழுது முடித்ததும் மனதில் ஒரே எண்ணம்தான். தேர்வு வைத்த விரிவுரையாளரிடம் நானே பேச வேண்டும்.

வெளியே வந்து சொன்னதும், “ஐயோ, வேணாம்மா, மானமே போயிரும்!” என்று மகள் கையைப் பிடித்தாள். நான் விடவில்லை. போன் நம்பரை வாங்கிக் கூப்பிட்டேன்.

மலாய்க்கார அம்மா. என் ஓட்டை மலாயில் எல்லாவற்றையும் கொட்டினேன். “காக், அழாதீங்க” என்றார். காக் என்றால் அக்கா. “இன்னிக்கு உங்க திருநாள்னு எனக்குத் தோணவே இல்ல. வேற நாள் வைக்கிறேன். பிள்ளய மொதல்ல சாப்பிடச் சொல்லுங்க.”

விரதம் இருந்த பிள்ளை காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. நான் சொல்லாமலே அவருக்கு எப்படித் தெரியும்?

தர்ஷினி அந்தத் தேர்வை எழுதினாள். அதன்பிறகு அந்த ஆசிரியையின் அறைக்கதவைத் தட்டிச் சந்தேகம் கேட்கப் பழகிக்கொண்டாள். போன வருஷம் பட்டமளிப்பு விழா. அவள் பெயரை வாசித்ததும் என்னையறியாமல் “அரோகரா!” என்று கத்திவிட்டேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது. “அடியே, கோயில்னு நெனச்சியா?” என்று வீட்டுக்காரர் முந்தானையை இழுத்தார். அவர் கண்ணிலும் தண்ணீர்.

முன்பெல்லாம் என் பிள்ளைக்காக மட்டும் வேண்டுவேன். இப்போது பாதியில் நின்றுபோன அந்த இரண்டு பிள்ளைகளுக்காகவும் விளக்கேற்றுகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளையும் எங்கோ தூரத்தில் அழுதுகொண்டிருக்கலாம். முருகனிடம் சொல்லுங்கள். உரிமையோடு சண்டை போட்டுக்கூடச் சொல்லுங்கள். எந்த மொழியில் பதில் சொல்வான் என்று நமக்குத் தெரியாது. எனக்கு மலாயில் சொன்னான்.