திரையைக் குளிப்பாட்டியவர்

வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு கூடுவதற்குச் சற்று முன்பு, முவானிக்கி பால் குளிர்தொட்டிகளின் கண்காணிப்பு மென்பொருளை நிறுத்தி மறுபடி ஓடவிடுவார். "திரையைக் குளிப்பாட்டியாச்சு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவார். பால் கூட்டுறவின் மாடியறையில் கதோனி அவரோடு வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். இப்போது நினைத்தாலும் அவளுக்குச் சிரிப்பு வரும். அப்போதெல்லாம் ஏன் என்று அவள் கேட்டதே இல்லை. வீட்டில் முதல் பட்டதாரி, கேட்கத்தானே படித்தது?

தங்கையின் பரிசப் பேச்சுக்கு அவர் ஊருக்குப் போன வாரம், சுவரிலிருந்த திரை குளிக்காமல் நின்றது. கரீமா பால் சேகரிப்பு மையத்துக்கு நேரே சிவப்பில் மூன்று.

"மூணு குளிர்தொட்டி படுத்திருச்சு. மையத்தை மூடிருவோம். பாலை டவுனுக்குச் சுமந்துட்டு வரட்டும்" என்றார் தலைவர் கரஞ்சா.

கதோனி எழுந்துவிட்டாள். அவள் அம்மா இன்றும் பால் ஊற்றுவது கரீமாவில்தான். "பழுதான மூணையும் இந்த வாரம் மாத்திட்டாங்க ஐயா. பழசோட பதிவை நானே நீக்கினேன்."

"அப்போ திரை பொய் சொல்லுதா? உன் ஊருன்னு பேசுற!"

"மத்தியானம் வரைக்கும் பொறுங்க."

முவானிக்கிக்குப் போன் போட்டாள். பின்னால் பெண்களின் பாட்டு, ஆடு கத்தும் சத்தம்.

"ஏன்ணே வாரா வாரம் குளிப்பாட்டுறீங்க?"

"அழுக்காகுது, குளிப்பாட்டுறேன். தரை ஏன் அழுக்காகுதுன்னு எவனாவது கேப்பானா?"

"நான் கேக்குறேன்."

"நீ படிச்ச புள்ள, கேப்ப! பழுதான தொட்டியை நீக்கினாலும் அதோட சிவப்பு ஆவி மாதிரி நிக்கும் தாயி. நிறுத்தி ஓடவிட்டா ஓடிரும். அவ்வளவுதான் தெரியும்."

அவளுக்கு அது போதும். பழுதை எண்ணத் தெரிந்த மென்பொருளுக்கு, தொட்டியே பதிவிலிருந்து போனபின் அந்த எண்ணிக்கையை அழிக்க யாரும் சொல்லித்தரவில்லை. நீக்கும்போதே அதையும் துடைக்கும்படி சில வரிகள் சேர்த்து ஓடவிட்டாள். மூன்று மறைந்தது.

"நீயும் குளிப்பாட்டிட்டியா?" என்றார் கரஞ்சா.

அவர் கண்ணெதிரே போலித் தொட்டி ஒன்றைப் பதிந்து, பழுதென்று குறித்தாள். சிவப்பில் ஒன்று. நீக்கினாள். நிறுத்தாமலேயே பூஜ்யம்.

"சரி, கரீமா இருக்கட்டும்."

திரும்பி வந்த முவானிக்கி, வெள்ளிக்கிழமை திரையைக் குளிப்பாட்ட நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். "என் பொழப்பைப் பிடுங்கிட்டியே தாயி! உனக்கு ஒரு ஆட்டுத்தொடை சுட்டுத் தரணும்."

மழை விடட்டும் என்றார். கிறிஸ்துமஸ் வரட்டும் என்றார். பிறகு மொம்பாசாவில் வேலை கிடைத்துப் போய்விட்டார். எப்போதாவது போனில் பேசினால் அவரே ஆரம்பிப்பார்: "தொடை நெஞ்சுல இருக்கு தாயி, இன்னும் அடுப்புல ஏறல."

இன்னும் ஏறவில்லை.